பனிக்காலத்தில் அதிகாலை ஓட்டம்: காரியாபட்டியில் குளிர் பிரச்சினை இல்லை... வெளிச்சம்தான் பிரச்சினை!

போலீஸ் வேலைக்குத் தயாராகும் இளைஞர்கள், அக்னிவீர் கனவில் இருப்பவர்கள், பொங்கல் லீவில் ஊருக்கு வந்த ஐடி ஊழியர்கள்... மார்கழி, தை மாதங்களில் விடியும் முன்பே சாலையில் ஓடுகிறார்கள். எப்போது, எங்கே, எப்படி ஓடினால் பாதுகாப்பு? விரிவாகப் பார்ப்போம்.

‘குளிர்காலத்தில் ஓடுவது எப்படி?’ என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் பனிக்கட்டியில் வழுக்காத ஷூ, மூன்று அடுக்கு உடை, விரல் விறைக்காமல் இருக்க கையுறை போன்ற ஆலோசனைகள்தான். அதெல்லாம் கனடாவுக்கும் நார்வேக்கும் சரி. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியில் ஜனவரி அதிகாலையில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஓடுவதற்கு இது குளிரே இல்லை. சொல்லப்போனால், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற வறண்ட பூமியில் ஆண்டு முழுக்க ஓடுபவர்களுக்கு இதமான மாதங்களே இவைதான்.

அப்போ பிரச்சினை என்ன? இருட்டு, பனிமூட்டம், வேகமாக வரும் வாகனம். இந்த மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே சாலையில் சேர்வதுதான் இங்கே பனிக்கால ஆபத்து.

டிசம்பர் 21-க்குப் பிறகு சீக்கிரம் விடியுமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். டிசம்பர் 21-ஐ ஒட்டி ஆண்டின் மிகக் குறுகிய பகல் வருகிறது. அதன் பிறகு பகல் நீள்கிறது. எனவே காலையும் சீக்கிரம் விடியும் என்பது கணக்கு. ஆனால், தமிழ்நாட்டில் நடப்பது வேறு.

காரியாபட்டியில் டிசம்பர் 21-ல் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.29 மணிக்கு. பொங்கல் நேரத்தில் அது 6.38 ஆகிவிடுகிறது. ஜனவரி கடைசி வாரத்தில் 6.40-ஐத் தொடுகிறது. அதாவது, ஆண்டிலேயே மிகத் தாமதமாக விடிவது ஜனவரி கடைசியில்தான். மே கடைசியில் இதே ஊரில் 5.56-க்கே சூரியன் வந்துவிடும். இரண்டுக்கும் முக்கால் மணி நேர வித்தியாசம்.

காரணம் இதுதான்: பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழு வட்டம் அல்ல, பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் ‘உச்சி வெயில்’ நேரம் கடிகாரப்படி தினமும் ஒரே நிமிடத்தில் வருவதில்லை. டிசம்பர் 21-ல் 12.15-ஐ ஒட்டி இருக்கும் உச்சிப்பொழுது, ஜனவரி கடைசியில் 12.30-க்குத் தள்ளிப்போகிறது. பகல் கொஞ்சம் நீண்டாலும், மொத்தப் பகலும் அதைவிட அதிகமாகத் தள்ளிப்போவதால் காலை விடியல் தாமதமாகிறது.

உதயத்துக்கு 22 நிமிடங்களுக்கு முன்பிருந்துதான் தரையில் இருப்பது ஓரளவு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் கிடைக்கும். மே மாதத்தில் 5.45-க்கு ஓடத் தொடங்குபவருக்கு அந்த வெளிச்சம் கிடைக்கிறது. அதே அலாரத்தை மாற்றாமல் ஜனவரியிலும் 5.45-க்குக் கிளம்பினால், முதல் அரை மணி நேரம் முழுக்க இருட்டிலேயே ஓட வேண்டும். ஆள் மாறவில்லை, சாலையும் மாறவில்லை. வெளிச்சம்தான் மாறியிருக்கிறது. சென்னை, மதுரை, திருநெல்வேலி என எங்கே ஓடுபவர்களுக்கும் இதே கதைதான். சில நிமிடங்கள் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவே.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. காலையில் போன வெளிச்சம் மாலையில் திரும்பக் கிடைக்கிறது. டிசம்பர் 21-ல் மாலை 6.02-ஐ ஒட்டி மறையும் சூரியன், ஜனவரி கடைசியில் 6.20 வரை நிற்கிறது. மாலை 5.15-க்கு ஓடத் தொடங்கினால் ஒரு மணி நேரம் நல்ல வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம்.

வறண்ட பூமியில் பனிமூட்டம் எப்படி?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். மழை முடிந்த கையோடு கரிசல் மண்ணில் ஈரம் இருக்கும். கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கும். காற்றும் அசையாமல் இருந்தால், தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாகி மிதக்கும். நாம் பார்க்கும் பனிமூட்டம் அதுதான். வெயில் ஏறி தரை சூடானதும் தானாகக் கலைந்துவிடும்.

வானிலைக் கணக்கில், 1,000 மீட்டருக்குக் குறைவாகப் பார்வை எட்டினால் அது மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்த்தியான மூடுபனி. ஓடுபவர் கையில் கருவி எதுவும் இருக்காது. ஆனால், சாலையோரம் மின்கம்பங்கள் இருக்கும். கிராமப்புறச் சாலைகளில் இரண்டு கம்பங்களுக்கு இடையே தோராயமாக 40 முதல் 60 மீட்டர். நிற்கும் இடத்திலிருந்து நான்காவது கம்பம் தெரியவில்லையா? அன்றைக்கு சாலை ஓட்டம் வேண்டாம். கலையும் வரை காத்திருக்கலாம். இல்லையென்றால் மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கண்மாய்க் கரை, பள்ளமான இடம், பாலத்தை ஒட்டிய பகுதி ஆகியவற்றில் பனி மொத்தமாகத் தேங்கும். ஊருக்குள் தெளிவாக இருக்கிறதே என்று கிளம்பினால், ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் திடீரென எதுவுமே தெரியாமல் போகலாம்.

டிரைவர் கண்ணுக்கு எப்போது தெரிவோம்?

காரியாபட்டி, மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் இருக்கும் ஊர். வழவழப்பான தார், அகலமான ஓரம், மேடு பள்ளம் இல்லை. ஓடுபவர்களை இந்தச் சாலை இழுப்பதற்குக் காரணம் அதுதான். வேகமாக வண்டி ஓட்டுபவர்களை இழுப்பதற்கும் அதேதான் காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். எதிரே ஆள் இருப்பதை உணர்ந்து டிரைவர் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்றால், அதற்குள் கார் 33 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னொரு 35 மீட்டருக்கு மேல் தேவை. மொத்தம் ஏறக்குறைய 70 மீட்டர். இது காய்ந்த சாலையில், நல்ல பிரேக் உள்ள காருக்கு. சரக்கு லாரிக்கு இன்னும் அதிகம்.

டிம் லைட்டில் கறுப்பு டி-ஷர்ட், கறுப்பு ஷார்ட்ஸ் அணிந்த ஒருவர், பெரும்பாலும் 50 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படுவார். நிற்கத் தேவை 70, தெரிவது 50. இந்த 20 மீட்டர் பற்றாக்குறைதான் உயிரை எடுக்கிறது. டிரைவர் ரூல்ஸை மீறவில்லை, தூங்கவில்லை, குடிக்கவில்லை என்றாலும் இதே நிலைதான்.

ஓடுபவருக்கு இது புரிவதில்லை. ஏனென்றால், வரும் வண்டியின் ஹெட்லைட் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. ‘எனக்குத் தெரியுது, அப்போ அவருக்கும் நான் தெரிவேன்’ என்று மனசு சொல்லும். அது தப்புக் கணக்கு.

வெள்ளை டி-ஷர்ட் போட்டால் போதுமா?

போதாது. கறுப்பைவிட வெள்ளை மேல்; அவ்வளவுதான். பளிச்சென்ற ஃப்ளோரசன்ட் பச்சை, ஆரஞ்சு நிறங்களும் பகலில்தான் கைகொடுக்கும். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால்தான் அவை அப்படிப் பளிச்சிடும். இருட்டில் அவையும் சாதாரண நிறம்தான்.

இரவில் வேலை செய்வது ரிஃப்ளெக்டர். ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், டிரைவருக்குப் பல மடங்கு தூரத்திலேயே தெரிந்துவிடும். அதை எங்கே ஒட்டுகிறோம் என்பதும் முக்கியம். மார்பிலும் முதுகிலும் மட்டும் இருந்தால், தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது மைல்கல்லா, தடுப்புப் பலகையா என்று குழப்பம் வரும். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகிய அசையும் இடங்களில் இருந்தால், அந்த அசைவைப் பார்த்ததுமே ‘மனுஷன் வர்றான்’ என்று மூளை கண்டுபிடித்துவிடும்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை செல்லும் பக்தர்களின் பைகளில் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை நடப்பவருக்கே அது தேவை என்றால், தினமும் ஓடுபவருக்கு எவ்வளவு தேவை? சைக்கிள் கடையிலும் வண்டி உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் ரிஃப்ளெக்டர் டேப்பைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டாலே போதும்.

எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

நம் நாட்டில் வாகனங்கள் இடதுபுறம் செல்பவை. நடைபாதை இல்லாத சாலையில் ஓடுபவர் வலதுபுற ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும். பின்னால் வரும் வண்டியை நம்பக் கூடாது. முன்னால் வருவதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம்.

வண்டி நெருங்கும்போது ஹெட்லைட்டையே பார்த்தால் அடுத்த சில நொடிகள் கண் இருண்டுவிடும். பார்வையைச் சாலையின் ஓரக் கோட்டில் வைப்பது நல்லது. நான்குவழிச் சாலை ஓரங்களில் ராங் சைடில், லைட் இல்லாமல் வரும் பைக்குகளும் உண்டு. எனவே ஒரு காதில்கூட இயர்போன் வேண்டாம். மூன்று நான்கு பேராக ஓடினால் பக்கவாட்டில் வரிசை கட்டாமல் ஒருவர் பின் ஒருவராக ஓடலாம். முதல் ஆளும் கடைசி ஆளும் கையில் டார்ச் வைத்திருப்பது இன்னும் நல்லது.

ஆனால், இதையெல்லாம் செய்தாலும் நான்குவழிச் சாலை ஓடுவதற்கான இடம் அல்ல. சர்வீஸ் ரோடு, ஊர்களை இணைக்கும் சிறிய சாலை, பள்ளி மைதானம் என எது கிடைத்தாலும் அதுவே மேல். நகரமானாலும் இதுதான் நிலை. 2023 மார்ச் 19 அன்று அதிகாலை, மும்பை வொர்லி கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த தொழில்நுட்ப நிறுவனத் தலைமைச் செயல் அதிகாரி ஒருவர், வேகமாக வந்த கார் மோதி உயிரிழந்தார். வேகமாகப் போகும் வண்டியும் ஓடும் மனிதரும் ஒரே தாரைப் பங்கிட்டுக்கொண்டால், ரிஃப்ளெக்டரும் கவனமும் அபாயத்தைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது.

வேலைக்காக ஓடுபவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. தேர்வு என்ன கேட்கிறது என்று பார்த்தால் புரியும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. ராணுவத்தின் அக்னிவீர் பொதுப்பணித் தேர்வில் 1.6 கிலோமீட்டர், அதை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண்.

எதுவுமே 2 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் சுற்று போட்டால், 1,500 மீட்டர் என்பது ஏழரைச் சுற்று. வேகத்தைக் கூட்டுவதற்கும் நீண்ட சாலை தேவையில்லை. 400 மீட்டர் வேகமாக, பிறகு மெதுவாக நடை, மறுபடி 400 என்று மாற்றி மாற்றி ஓடும் பயிற்சிக்கு மைதானம்தான் வசதி. தூரம் துல்லியமாகத் தெரியும், ஸ்டாப்வாட்சில் முன்னேற்றமும் தெரியும்.

வாரத்தில் நான்கு நாள் மாலை மைதானத்தில் வேகப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை காலை நன்றாக விடிந்த பிறகு சிறிய சாலையில் நீண்ட ஓட்டம் என்று ஜனவரி, பிப்ரவரிக்கு மட்டும் அட்டவணையை மாற்றிக்கொண்டால் பயிற்சியும் விட்டுப்போகாது. காலையில்தான் முடியும் என்பவர்கள் அலாரத்தை 6.20-க்கு நகர்த்தலாம். ஷிஃப்ட் வேலை காரணமாக அதுவும் முடியாதவர்களுக்கு, தெருவிளக்கு உள்ள ஒரு தெருவில் திரும்பத் திரும்ப ஓடுவது இருட்டான நெடுஞ்சாலையைவிடப் பாதுகாப்பு.

உடம்பு விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

* ஸ்வெட்டர், ஜெர்கின் தேவையில்லை. பனிமூட்டத்தில் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது. கனமான உடை உடம்பைப் புழுக்கும். ஓடி முடித்ததும் நனைந்த டி-ஷர்ட்டை மாற்றிவிட்டு பைக்கில் ஏறலாம்.
* எழுந்ததும் தசைகள் இறுகியிருக்கும். 10 நிமிடம் வேக நடை, மெதுவான ஓட்டம் என்று சூடேற்றிய பிறகு வேகம் எடுக்கலாம்.
* குளிர் நேரத்தில் தாகம் தெரியாது. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது.
* ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையோடு வைத்திருக்க வேண்டும். போகி அன்று அதிகாலையில் டயர், பிளாஸ்டிக் புகை பனியோடு சேர்ந்து தரையை ஒட்டியே நிற்கும். அன்று எல்லோருமே ஓட்டத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.
* ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைசுற்றல் வந்தால் ‘பனி ஒத்துக்கல’ என்று விட்டுவிடாமல், உடனே நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும்.

கரிசல் காட்டுக்கே உரிய ஆபத்துகள்

சீமைக்கருவேல முள் மெல்லிய ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்துவிடும். சாலையோர மண்ணில் இறங்கி ஓடுபவர்கள் கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ அணிவது நல்லது. நனைந்த கரிசல் மண் ஷூவில் அப்பிக்கொண்டால் அடுத்த பத்து அடியில் தாரிலேயே வழுக்கும். அறுவடைக் காலம் என்பதால் சாலையில் காயப்போட்டிருக்கும் தானியமும், அதைச் சுற்றி வைக்கும் கற்களும் இருட்டில் தெரியாது.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் தவணை ஊசி அன்றே. அடுத்தவை 3, 7, 28-ம் நாட்களில். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

விபத்து நடந்துவிட்டால்?

முதலில் 108, நான்குவழிச் சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ம் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். உதவிக்கு வருபவர் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படத் தேவையில்லை; மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களைப் பாதுகாக்கிறது. மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம் எது என்றே தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. தனியாக ஓடுபவர்கள் எந்த வழியாகப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பெயரும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுதிய ஒரு சீட்டைப் பாக்கெட்டில் வைத்திருப்பது பெரிய உதவி. பெண்கள் ‘காவல் உதவி’ செயலியைப் போனில் வைத்துக்கொள்ளலாம்.

இது தனிமனிதப் பொறுப்பு மட்டும்தானா?

இல்லை. 2023-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த 1.72 லட்சம் பேரில் 35,000-க்கும் மேற்பட்டோர் பாதசாரிகள். ஐந்தில் ஒருவர். இந்த விஷயத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன். 2012-ல் அவர் தொடர்ந்த வழக்கில், 2025 மே 14 அன்று, நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அதே வழக்கில் 2025 அக்டோபர் 7 அன்று, பாதசாரிகள் பாதுகாப்புக்கான விதிகளை 6 மாதங்களுக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கண்ணைக் கூசும் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு வரம்பு வைக்க வேண்டும் என்றும் கூறியது.

ஆனால், நடைபாதை ஆய்வு 50 பெருநகரங்களில் இருந்துதான் தொடங்குகிறது. நடைபாதை என்ற ஒன்றே இல்லாத, தார்ச் சாலையே நடைபாதையாகவும் இருக்கும் காரியாபட்டி போன்ற ஊர்களுக்கு அந்த வரிசை எப்போது வரும் என்பதுதான் கேள்வி. ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை அடையாளம் காணப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால், மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது தாலுகாவில் இருப்பவரின் தினசரி ஓட்டத்துக்குப் போதாது.

தேவை பெரிய ஸ்டேடியம் அல்ல. இருக்கிற பள்ளி மைதானத்தின் கேட்டை அதிகாலையிலும் மாலையிலும் திறந்துவிடுவது, ஒரு விளக்குக் கம்பம், சுண்ணாம்பில் 200 மீட்டர் சுற்று. வேலைக்காக ஓடும் ஒரு தலைமுறையை நெடுஞ்சாலையில் இருந்து இறக்க இவ்வளவு போதும். பேரூராட்சியான காரியாபட்டியில் இதை மன்றத்தில் கேட்கலாம். சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். ஆண்டின் முதல் கிராம சபை கூடும் நாள் ஜனவரி 26. ஆண்டிலேயே மிகத் தாமதமாக விடியும் வாரமும் அதுதான்.